பச்சை ஒயர்

“முன்னாடி வந்த மெக்கானிக்கு போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. போர்டு போனா மெஷினே சுத்தாதில்ல? இது சுத்துதே. தண்ணிதான் சூடாவ மாட்டேங்குது.”

ஹேமலதா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முதல் தடவை போனில், இரண்டாவது வாசற்படியில், இப்போது மெஷினுக்கு முன்னால். கார்குழலி ஹெல்மெட்டை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, தோளில் தொங்கிய கருவிப் பையை இறக்கிவைத்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்து ஒரு சர்வீஸ் சென்டரில் மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு, போன தீபாவளியிலிருந்து சொந்தமாக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பார்க்கிறாள். கருவடிக்குப்பத்தில் வீடு. பாண்டிச்சேரி முழுக்க எந்தத் தெருவில் எந்தக் கம்பெனி மெஷின் எந்த மூலையில் நிற்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவாள்.

இது மூலக்குளம். வில்லியனூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி நாலாவது தெரு. கத்திரி வெயில் ஆரம்பித்து ஆறாம் நாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மொட்டைமாடித் தளத்தின் சூடு வீட்டுக்குள் இறங்கி, ஃபேன் காற்று அடுப்புப் பக்கத்திலிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. ஹாலில் மடித்த போர்வைகள், மடிக்காத போர்வைகள், தலையணை உறைகள் என்று உட்கார இடமில்லை. அவற்றுக்கு நடுவே ஹேமலதாவின் தங்கச்சி துர்கா கால்களை நீட்டி உட்கார்ந்து உறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் தனி வீடு அவளுக்கு. காலையில் வந்தால் சாயங்காலம்வரை இங்கேதான்.

டவுனில் இருக்கிற இரண்டு கெஸ்ட் ஹவுஸுக்கு ஹேமலதா துணி துவைத்துக் கொடுக்கிறாள். பெரியது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சன் வாங்கிய ஒருவர் கட்டிய பழைய சொல்தா வீடு. இப்போது பேரப்பிள்ளைகள் அதில் எட்டு ரூம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். மெத்தை விரிப்பு எல்லாமே வெள்ளை. வருகிறவர்கள் பீச்சில் வெயில் படாமலிருக்க மேலெல்லாம் ஒரு க்ரீம் தடவிக்கொள்கிறார்கள். அந்த எண்ணெய் விரிப்பில் ஏறினால் முதலில் தெரியாது. காய்ந்த பிறகு, ஆள் படுத்திருந்த அளவுக்கு மஞ்சளாகத் தெரியும். பச்சைத் தண்ணீரில் அது போகாது. அறுபது டிகிரி வேண்டும். மூன்று வாரமாக மெஷின் அறுபதைக் காட்டிவிட்டு முப்பதில் துவைத்துக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் செம்மல் ஒரு கட்டுத் துணியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். நேற்று போன் செய்து, சனிக்கிழமை காலையில் வருகிற துணியைப் பார்த்துத்தான் முடிவு, சரியில்லை என்றால் சேதராப்பட்டு பக்கம் பெரிய லாண்டரி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, அங்கே கொடுத்துவிடுவோம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஹேமலதாவைத் தூங்கவிடாமல் செய்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. முப்பத்திரண்டு விரிப்பு ஹாலில் கிடந்தது.

மெஷின் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், சாமி அலமாரிக்கு நேர் கீழே நின்றது. ஆரோவில் பக்கம் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. திருப்பும் குமிழைச் சுற்றி எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தது. ஹேமலதாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் மேலிருந்து வலப்பக்கம் மூன்றாவது கோடு அறுபது, அதற்கடுத்தது கம்பளி, கடைசிக்கு முந்தையது பச்சைத் தண்ணீர் என்று விரலுக்குத் தெரியும்.

“போட்டுக் காட்டுங்கக்கா” என்றாள் கார்குழலி.

ஹேமலதா மெஷின் பக்கத்தில் சுவரோரமாக இருந்த நீல நிற ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு சுவிட்சைத் தட்டி, குமிழை மூன்றாவது கோட்டில் நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றி அதே இடத்தில் வைத்தாள்.

கார்குழலி செருப்பைப் பார்த்தாள். மேலே சாமி அலமாரியில் முருகனும் திரௌபதி அம்மனும் அன்றைக்குக் காலையில் வைத்த மல்லிகையோடு இருந்தார்கள். வாசலில் தன்னுடைய செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கச் சொன்னவளே ஹேமலதாதான்.

“இதென்னக்கா, இங்க செருப்பு?”

“தர சில்லுனு இருக்கும், அதுக்குத்தான்.”

கத்திரியில் தரை சில்லென்று இருக்கும் வீடு பாண்டிச்சேரியில் எங்கேயும் இல்லை. கார்குழலி உள்ளங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கும்போது இருக்கிற சூடு. ஹாலிலிருந்து துர்கா சிரித்தாள்.

“சும்மா சொல்றா. தொட்டா சுர்ருங்குது, அதான். நானெல்லாம் கையே வெக்கறதில்ல. சப்பாத்திக் கட்டையாலதான் கதவத் தொறப்பேன்.”

உண்மைதான். மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சப்பாத்திக் கட்டை செருகியிருந்தது. ஹேமலதா தங்கச்சியை முறைத்துவிட்டு, இது கொஞ்ச நாளாகத்தான், துணி மெஷின் எல்லாமே லேசாக அப்படித்தான் இருக்கும், தண்ணீரும் கரண்டும் சேர்ந்த சாமான் வேறு எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார் என்றாள். அவர்தான் செருப்பு வாங்கிக்கொடுத்தார். அவர் கம்பெனியில் மெஷின்களோடு வேலை பார்க்கிறவர், அவருக்குத் தெரியும்.

கார்குழலி பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, கதவைச் சுற்றியிருந்த இரும்பு விளிம்பில் ஒரு திருகாணித் தலைமீது வைத்தாள். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. மங்கலாக எரிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ப்ளக் ஓட்டைக்குள் விட்டால் எப்படி எரியுமோ அப்படி எரிந்தது.

அவள் குனிந்து சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கினாள்.

“அக்கா, கட்டைய வெச்சித் தொறக்கறது, செருப்பு போட்டுத் தொடறது, ரெண்டும் இனிமே வாணாம். நான் சொல்ற வரைக்கும் யாரும் பக்கத்துல வராதீங்க.”

மெஷினை இழுத்துத் திருப்பினாள். அதன் எடையில் பாதிதான் இருப்பாள், ஆனாலும் மூலையை மட்டும் தூக்கித் தூக்கி நடக்கவைத்தாற்போல் அதை வெளியே கொண்டுவந்துவிட்டாள். பின்பக்கத் தகட்டில் ஏழு திருகாணிக்கு ஓட்டை. ஆறுதான் இருந்தது. தகட்டைக் கழற்றியதும் உள்ளே தூசியும் ஒரு கரப்பான்பூச்சிக் கூடும், பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடிவயிற்றில் ஹீட்டரின் இரண்டு கால்களும் தெரிந்தன. ஒவ்வொரு காலிலும் தடிமனான ஒயர். நடுவே ஒரு பித்தளைப் போல்ட்டில் பச்சையும் மஞ்சளுமான எர்த் ஒயர். ஓரத்தில் தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சார், குட்டியாக.

தண்ணீர் சூடாகவில்லை என்றால் நாலு இடத்தில் ஒன்றுதான். போர்டு கரண்டை அனுப்பவில்லை, அல்லது ஒயர் வழியில் அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் ஏற்கெனவே சூடாகிவிட்டது என்று பொய் சொல்கிறது, அல்லது ஹீட்டர் செத்துவிட்டது. முன்னால் வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறக்காமலே போர்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திறந்திருந்தால் ஏழாவது திருகாணி இல்லாததைப் பார்த்திருப்பார், ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள் என்று யோசித்திருப்பார். கார்குழலி யோசித்தாள்.

இரண்டு ஒயரையும் ஹீட்டர் கால்களிலிருந்து உருவிவிட்டு மீட்டரின் முனைகளை வைத்தாள். நல்ல ஹீட்டர் என்றால் இருபத்தைந்து, முப்பது என்று ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே இருக்கிற சுருள் எங்கேயோ அறுந்துபோயிருந்தது. சென்சாரை அளந்தாள், அது இந்த வெயிலுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டியது. ஒயர்களை நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள், சரி. உருவிய ஒயர் நுனியில் மீட்டரைக் கவ்வவிட்டு, ஹேமலதாவையும் துர்காவையும் ஹாலுக்கு அனுப்பிவிட்டு, ப்ளக்கைச் செருகி மெஷினை ஓடவிட்டாள். தண்ணீர் நிரம்பி நாலாவது நிமிஷத்தில் போர்டுக்குள் டக் என்று ஒரு சத்தம். மீட்டரில் இருநூற்று இருபத்தெட்டு.

“போர்டு நல்லாருக்குக்கா” என்று அங்கிருந்தே சொன்னாள். “ஹீட்டர்தான்.”

ஹேமலதா எழுந்து வந்துவிட்டாள். ஹீட்டர் என்றால் சின்ன சாமான்தானே, இப்போதே மாற்றிவிடலாம்தானே என்று கேட்டாள். இந்த மெஷினுக்கான ஹீட்டர் இங்கே கடைகளில் இருக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றாள் கார்குழலி. ஹேமலதா சுவரில் சாய்ந்துகொண்டாள். முப்பத்திரண்டு விரிப்பு, முப்பத்திரண்டு விரிப்பு என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவ்வளவோடு பையைக் கட்டியிருக்கலாம். மற்ற மெக்கானிக்குகள் கட்டியிருப்பார்கள். ஆனால் கார்குழலிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹீட்டர் செத்தாலும் உயிரோடிருந்தாலும், அதன் காலிலிருந்து மெஷினின் உடம்புக்கு அளந்து பார்க்காமல் விடமாட்டாள். மறுபடியும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹீட்டர் காலிலும் மற்றதைப் பித்தளைப் போல்ட்டிலும் வைத்தாள். நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டியது. உப்புத் தண்ணீர் ஹீட்டரின் தோலை அரித்து, அறுந்த சுருளின் ஒரு முனை தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினாலே, போர்டு டக் என்று சொல்வதற்கு முன்பே, பேஸ் கரண்டு ஹீட்டரின் ஒரு காலுக்கு வந்து, அங்கிருந்து மெஷினின் உடம்புக்கும் கதவுக்கும் போய்விடும்.

போனால் என்ன ஆக வேண்டும்? எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும், அடுத்த நொடி மெயின் போர்டில் ட்ரிப்பர் விழ வேண்டும், வீடே அணைய வேண்டும். இந்த வீட்டில் ஃபேன் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் மெயின் போர்டைத் திறந்து பார்த்தாள். ட்ரிப்பர் இருந்தது. சோதனை பட்டனை அழுத்தினால் சரியாக விழுந்தது. அதன் நெற்றியில் நூறு மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு முப்பது போட வேண்டும், கட்டும்போது எலக்ட்ரீசியன் கையில் இருந்ததை மாட்டிவிட்டிருக்கிறார். ஆனாலும் எர்த் இருந்தால் அதுவே போதும். திரும்பி வந்து ப்ளக்கைக் கையில் எடுத்தாள். மூன்று கால். மேலே இருக்கிற பெரிய காலுக்கும் மெஷினின் உடம்புக்கும் மீட்டரை வைத்தால் பீப் என்று கத்த வேண்டும். கத்தவில்லை.

ப்ளக்கின் நடுத் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தாள். சிவப்பு ஒயர் முடுக்கியிருந்தது. கறுப்பு ஒயர் முடுக்கியிருந்தது. பச்சை ஒயர் நுனியைச் சுத்தமாக வெட்டி, கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றி, ஒயர்களுக்குப் பின்னால் மடித்துவைத்திருந்தது. வேலை அவ்வளவு நறுவிசாக இருந்தது. தெரியாத ஆள் செய்ததில்லை.

“பத்து நாள் லீவ்ல போவ இதான் சாக்குன்னு இருக்கியா?” என்று ஹாலில் துர்கா யாரையோ போனில் கலாய்த்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா மெஷின் பக்கத்தில் நின்று ப்ளக்கைப் பார்த்தாள். அவள் பார்த்தது திறந்த ப்ளக், உள்ளே ஒயர்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இன்னாம்மா, அதுலயும் கோளாறா?”

“எர்த் வேலை செய்யலக்கா. அதான் ஷாக்கு.” கார்குழலி ப்ளக் மூடியைத் தரையில் வைத்தாள். “ப்ளக்க யாரு மாட்டுனது?”

“அவருதான். ஃபாரின் ப்ளக்கு இங்க நுழையல. வெட்டிட்டு இத மாட்டுனாரு.”

அது எப்போது என்று கேட்டாள். மெஷின் வந்த புதிதில், ஒன்றரை வருஷம் ஆகிறது. ஷாக் எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஹேமலதா விரல் விட்டுப் பார்த்தாள். பொங்கலுக்கு அப்புறம். பொங்கல் லீவில் கெஸ்ட் ஹவுஸ் நிரம்பி வழிந்தது, அன்றைக்கென்று மெஷின் போடப் போட மெயின் விழுந்தது, ஈர விரிப்பெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது, அவள் உட்கார்ந்து அழுதே விட்டாள். அவர் வந்துதான் சரிசெய்தார். அதற்கப்புறம் மெயின் விழவே இல்லை. கைதான் அவ்வப்போது மரத்துப்போகிறது. அதற்கு ஆஸ்பத்திரியில் வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி விஷயத்தை அவள் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்.

கார்குழலி ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தாள். துடைக்கத் தேவையே இல்லை. போன வருஷம் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டில், மோட்டார் எரிந்ததற்குக் காரணம் மாமியார் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பாயை உள்ளே திணித்துத் துவைத்ததுதான் என்று மருமகளிடம் இவள் பட்டென்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்த சண்டையில் அடுப்பு இரண்டானது. அந்தத் தெருவிலிருந்தே இவளை யாரும் அப்புறம் கூப்பிடவில்லை. கோளாறைச் சொல்லு, ஆளைச் சொல்லாதே என்று அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். ஆனால் பாயும் இதுவும் ஒன்றா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு கன்னியப்பன் ஷிஃப்ட் முடிந்து வந்தார். ஹேமலதாவின் வீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும், சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் பேனாபோல் குத்தியிருந்தது. அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு இவர் அங்கே இங்கே சுற்றிக் கடைசியில் ஒரு பாட்டில் மூடி கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். வந்தவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, பிரித்துப் போட்ட மெஷினையும் தரையில் திறந்து கிடந்த ப்ளக்கையும் பார்த்தார். முகம் ஒன்றும் மாறவில்லை. ஹேமலதாவை மோர் கலக்கச் சொன்னார். அவள் சமையலறைக்குள் போனதும் கார்குழலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாத்துட்டியா?”

“ம்.”

“அன்னிக்கு மட்டுந்தாம்மா. அவ அழுதுகினு நிக்கறா, மெயின் நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடலாம், நாளைக்கு ஆள கூப்டலாம்னுதான் கழட்டுனேன். அப்பால ஓடிச்சா, வுட்டுட்டேன்.”

“ஷாக்கு அடிக்குதுன்னு சொன்னாங்க இல்ல, அப்பவாவது?”

“லேசாத்தான அடிச்சுது. ட்ரிப்பரு இருக்குதே, பெருசா ஆனா விழுந்துடும்னு.”

“உங்க ட்ரிப்பரு நூறு மில்லிண்ணே. ஆளு போனதுக்கு அப்புறம் விழும்.”

கன்னியப்பன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளே மத்துச் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல், தணிந்த குரலில் கேட்டார்: எர்த் ஒயர் தானாக லூசாகிக் கழன்றிருந்தது என்று சொல்லிவிட முடியுமா? மெஷின் ஆடுகிற ஆட்டத்தில் எதுவும் கழலும்தானே. நான் வேணும்னு பண்ணலைங்கறது உனக்குத் தெரியும், அவளுக்குச் சொன்னா வேற மாதிரி ஆயிடும் என்றார்.

நீங்களே சொல்லுங்கள், நான் வெளியே போய் எர்த் குழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கார்குழலி எழுந்தாள்.

குழி கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தடியில் இருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கத்திரியில் எல்லா வீட்டு எர்த்தும் இப்படித்தான், குழிக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் பேருக்குத்தான் எர்த். துர்காவிடம் சொல்லி நாலு வாளி ஊற்றவைத்தாள். மண் சொய்யென்று இழுத்துக்கொண்டது. ஐந்தாவது வாளியைக் கொண்டுவந்த துர்கா, வெயிலுக்கு நமக்கு மோர், அதுக்குத் தண்ணியா என்று கேட்டாள். மீட்டரை வைத்துப் பார்த்தபோது எர்த் நன்றாகப் பிடித்திருந்தது.

திரும்பி வந்தபோது ஹேமலதா மோர் டம்ளரை நீட்டினாள். கன்னியப்பன் கதவருகே நின்றிருந்தார்.

“ஒயரு லூசாயி கழண்டுகினு இருந்துச்சாம். இவரு சொல்றாரு” என்றாள் ஹேமலதா. கேள்விபோல் கேட்கவில்லை, ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

கன்னியப்பன் கார்குழலியைப் பார்த்தார்.

“எர்த் இல்லாமத்தான் ஓடிட்டிருந்துச்சுக்கா. இப்ப குடுத்துடறேன்” என்றாள் கார்குழலி. மோரைக் குடித்தாள். அதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டேப்பை உரித்து, பச்சை ஒயரின் நுனியைச் சீவி, பெரிய காலில் முடுக்கினாள். ஹீட்டரின் இரண்டு ஒயரையும் திரும்பக் கொடுத்து, ப்ளக்கைச் செருகி, ஒரு தடவை சுவிட்சைத் தட்டினாள். டப் என்று வீடு முழுக்க அணைந்தது, ஃபேன் மெதுவாக நின்றது. அதைக் காட்டுவதற்காகவே செய்தாள். கோளாறு இருந்தால் இப்படித்தான் ஆக வேண்டும், இது நல்லது என்று ஹேமலதாவிடம் சொன்னாள். பிறகு ஹீட்டர் ஒயர்களை உருவித் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டிவிட்டு, மெயினைத் தூக்கி, சுவிட்சைத் தட்டினாள். மெயின் விழாமல் நின்றது. டெஸ்டரைக் கதவு விளிம்பில் வைத்தாள். இருட்டாகவே இருந்தது.

விரிப்புக்கும் வழி சொன்னாள். திங்கட்கிழமை ஹீட்டர் வருகிறவரை பச்சைத் தண்ணீர்க் கோட்டிலேயே வையுங்கள், கொல்லையில் அண்டாவில் தண்ணீர் காயவைத்து, தூள் போடுகிற டப்பா வழியாக ஊற்றுங்கள், கை பொறுக்கிற சூட்டுக்கு ஒரு படி மேலே இருந்தால் போதும், எண்ணெய் போகும். மெஷினுக்கு யார் சூடாக்கினார்கள் என்று தெரியாது. ஹேமலதா முதல் தடவையாகச் சிரித்தாள். துர்கா அதற்குள் விறகை இழுக்கப் போய்விட்டாள்.

“இப்ப வெறுங்காலோட தொடலாமா?” ஹேமலதா கேட்டாள்.

“தாராளமா.”

ஹேமலதா தொடவில்லை. கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ மொதல்ல தொடு.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவரும் சாதாரணமாகத்தான் வந்தார். அவருக்குத் தெரியும், எர்த் கொடுத்தாகிவிட்டது, ஹீட்டர் தனியாகக் கிடக்கிறது, டெஸ்டர் எரியவில்லை. கதவு விளிம்புக்குக் கையை நீட்டினார். விரல்கள் நாலு அங்குலம் முன்னால் நின்றன. பிறகு உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, புறங்கையால் ஒற்றி எடுத்தார்.

கரண்டு வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் தொடுவார்கள். உள்ளங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்போது விரல் மடங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை தானாக விலகிவிடும். இதை யாரும் ஹேமலதாவுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அது பாதியில் நின்றதையும் திரும்பியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட ஒரு நாளாவது அப்படித் தொடுன்னு சொன்னியா?” என்றாள்.

“ஹேமா” என்றார் கன்னியப்பன்.

“தானா கழண்டுச்சு” என்று அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொன்னாள்.

ஹேமலதா ஹாலுக்குப் போய் ஆறு விரிப்பை அள்ளிக்கொண்டு வந்து அவர் கையில் போட்டாள். உள்ளே போடு என்றாள். அவர் போட்டார். கதவைச் சாத்து என்றாள். சாத்தினார். கொல்லையிலிருந்து சுடுதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவரவும், டப்பா வழியாக ஊற்றவும், குமிழைத் திருப்பவும், எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேலைச் சட்டையோடு அவர் செய்தார். சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் சுற்ற ஆரம்பித்தது. முதல் நாலு சுற்றுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் லேசாக மஞ்சளாவதை மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

கார்குழலி பின்தகட்டை மாட்டி, இல்லாத ஏழாவது திருகாணிக்குத் தன் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டாள். ட்ரிப்பரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். கன்னியப்பன் குடத்தோடு எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஹேமலதாவிடமிருந்து போன் வந்தது. அப்போது கார்குழலி கருவடிக்குப்பத்தில் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் முப்பத்திரண்டும் முடிந்ததாம். செம்மல் நாலு விரிப்பை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம், அடுத்த துணிக்கட்டைக் கொடுத்தனுப்பிவிட்டாராம். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கார்குழலி கேட்டாள். இருக்கிறார், தண்ணீர் தூக்குகிறார், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்றாள் ஹேமலதா. அப்புறம் போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

“ப்ளக்கத் தொறந்தப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சில்ல? எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

கார்குழலியின் கையில் ஈரத் துணி இருந்தது. குருசுக்குப்பத்து மாமியாரைச் சொல்லலாமா என்று யோசித்தாள், சொல்லவில்லை. அவரே சொல்லட்டும் என்று விட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தாள், அவர்தான் சொல்லவில்லையே. திங்கட்கிழமை வர்றேன்க்கா என்றாள். சரி என்று ஹேமலதா வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் அதே கேள்விதான், மறுநாள் வேறொரு வீட்டில் வேறொரு மெஷினைத் திறந்தபோதும் அதே கேள்விதான். சொல்லியிருந்தால் அந்த வீட்டைப் பிரித்தவள் என்று பெயர் வந்திருக்கும். சொல்லாததால், ஹேமலதா அதைத் தன் புருஷன் கையிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. எது மோசம் என்று கார்குழலிக்கு இன்னும் பிடிபடவில்லை. டேப் சுற்றிய அந்தப் பச்சை ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே மத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லியிருப்பீர்களா?